இறக்கத்தில் நம்மைக் காப்பது எது?
பிரேக் பேட்டும் டிஸ்க்கும் படித்துப் பார்த்து வாங்குவோம்

(போனக்காடு தொடர்கல்விக் கூடத்தில் எழுத்தறிவுத் தொண்டர் ஒருவர் பேசியது)



முதலில் ஒரு கேள்வி. நம் மலையில் வண்டி ஏறுவது கஷ்டமா, இறங்குவது கஷ்டமா?

ஏறுவதுதான் கஷ்டம் என்று பலர் சொல்வீர்கள். ஏறும்போது எஞ்சின் முனகும். புகை வரும். வண்டியில் இருப்பவர்களுக்கும் மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். இறங்கும்போது வண்டி தானாகவே உருளும். சத்தம் குறையும். சுகமாக இருக்கும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஏறும்போது எஞ்சின் திணறினால் நேரம் போகும். இறங்கும்போது பிரேக் திணறினால் உயிர் போகும்.

நாம் தினமும் இறங்கித்தான் ஆக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி கீழே இருக்கிறது. சந்தை கீழே இருக்கிறது. விதுராவுக்கும் நெடுமங்காட்டுக்கும் போகாமல் நமக்குக் காரியம் ஆகாது. காட்டு வழியாக வரும் ரோடு. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மழைக் காலத்தில் ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடும். பக்கத்தில் பொன்முடி ரோட்டைப் பாருங்கள். அங்கே 22 கொண்டை ஊசி வளைவுகள். இப்படிப்பட்ட ரோடுகளில் ஜீப்பிலும், ஆட்டோவிலும், பைக்கிலும் பிள்ளைகளையும் நோயாளிகளையும் கர்ப்பிணிப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு இறங்குகிறோம்.

அந்த வண்டியைப் பிடித்து நிறுத்துவது எது? உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு பொருள். அதன் பெயர் பிரேக் பேட். அது பிடிக்கும் இரும்புத் தட்டின் பெயர் டிஸ்க். இன்று இவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

"இது மெக்கானிக் வேலை அல்லவா? எழுத்துக் கூட்டிப் படிக்கும் எங்களுக்கு இதில் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் மெக்கானிக் இல்லை. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன்தான். ஆனால் ஒன்று தெரியும். பேட் வரும் அட்டைப்பெட்டியில் எழுத்தும் எண்ணும் இருக்கின்றன. டிஸ்க்கின் மேல் எண் இருக்கிறது. பிரேக் ஆயில் மூடியில் எண் இருக்கிறது. இவற்றைப் படித்துப் பார்ப்பவர் ஏமாறுவது குறைவு. நாம் கற்ற எழுத்து நம் உயிரைக் காக்க உதவும் இடம் இது.

பிரேக் எப்படிப் பிடிக்கிறது?

சைக்கிள் பிரேக்கை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியை அழுத்தினால் இரண்டு ரப்பர் கட்டைகள் சக்கரத்தின் விளிம்பை இரு பக்கமும் கவ்வுகின்றன. சக்கரம் நிற்கிறது.

டிஸ்க் பிரேக்கும் இதே மாதிரிதான். சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது. அதுதான் டிஸ்க். அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேட்டுகள் இருக்கும். பேட்டுகளைப் பிடித்திருக்கும் கவ்விக்கு காலிபர் என்று பெயர். நாம் பிரேக்கை மிதித்ததும் குழாயில் இருக்கும் பிரேக் ஆயில் அழுத்தம் கொடுக்கும். காலிபர் பேட்டுகளைத் தள்ளும். பேட்டுகள் டிஸ்க்கைக் கவ்வும்.

இன்னொரு வகை உண்டு. அது டிரம் பிரேக். குடம் போன்ற இரும்பு டிரம்முக்குள் பிறை நிலா வடிவில் இரண்டு ஷூ இருக்கும். அவை வெளிப்பக்கமாக விரிந்து டிரம்மைப் பிடிக்கும். ஷூவின் மேல் ஒட்டியிருப்பதை லைனர் என்கிறோம்.

பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். பொலேரோ, ஆல்ட்டோ போன்ற வண்டிகளில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பைக்குகளில் சிலவற்றில் முன்னால் டிஸ்க் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. ஆகவே முன் சக்கரத்துக்குத்தான் வேலை அதிகம். முன் பேட்டுகள் சீக்கிரம் தேய்வது அதனால்தான்.

சூடு எங்கே போகிறது?

இரண்டு உள்ளங்கைகளையும் வேகமாகத் தேய்த்துப் பாருங்கள். சூடாகிறது அல்லவா? பிரேக்கிலும் அதேதான் நடக்கிறது. வண்டியின் ஓட்டம் முழுவதும் சூடாக மாறுகிறது.

எவ்வளவு சூடு? ஒரு கணக்குப் போடுவோம். ஆட்களோடும் சாமானோடும் சேர்த்து ஒரு ஜீப்பின் எடை 2000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது 500 மீட்டர் உயரம் இறங்குகிறது. முழுக்க முழுக்கப் பிரேக்கை மட்டுமே பிடித்து இறக்கினால், பிரேக்கில் உண்டாகும் சூட்டைக் கொண்டு சுமார் 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதாவது இரண்டு பெரிய குடம் தண்ணீர்!

அவ்வளவு சூட்டையும் அந்தச் சின்னப் பேட்டும் டிஸ்க்கும் தாங்க வேண்டும். தாங்காத பேட் என்ன செய்யும்? சூடு ஏற ஏற அதன் பிடி தளரும். மிதியை மிதித்துக்கொண்டே இருப்போம். வண்டி நிற்காது. தரைநாட்டில் ஓடும் வண்டிக்குப் போதுமான பேட், மலையில் இறங்கும்போது இப்படிக் கைவிடலாம். ஆகவே மலைவாசிகளான நாம் பேட் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சூட்டில் நிற்குமா?" என்பதுதான்.

பழைய செருப்பிலிருந்து பிறந்த தொழில்

இந்தப் பேட் எங்கிருந்து வந்தது தெரியுமா? இதுவும் மலைச்சரிவில் பிறந்ததுதான்.

இங்கிலாந்தில் டெர்பிஷயர் என்று ஒரு மலைப்பாங்கான மாவட்டம். அங்கே குதிரை வண்டிகள் சரிவில் இறங்கும்போது மரக்கட்டையால் சக்கரத்தை அழுத்திப் பிடிப்பார்கள். கட்டை தேயும், வழுக்கும். வண்டிக்காரர்கள் பழைய செருப்புத் தோலை அந்தக் கட்டையில் ஆணி அடித்து மாட்டினார்கள். பிடி கொஞ்சம் கூடியது. ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இதைக் கவனித்தார். 1897-இல் பருத்திப் பட்டையை அடுக்கடுக்காக வைத்துப் பதப்படுத்தி, பிரேக் கட்டையில் பொருத்தும் பொருளைச் செய்தார். ஃபெரோடோ என்ற பெயரில் அந்தத் தொழில் வளர்ந்தது. 1902-இல் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற பொறியாளர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார்.

நம் பக்கத்திலும் இந்தத் தொழில் உண்டு. சென்னை பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. 1964-இல் ரானே பிரேக் லைனிங் வந்தது. 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தது. வண்டி செய்யும் கம்பெனிகள் பலவும் பேட்டைத் தாங்களே செய்வதில்லை. இப்படிப்பட்ட தொழிற்சாலைகளில்தான் வாங்குகின்றன.

பருத்திக்குப் பிறகு கல்நார் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் என்பதும் அதுதான். சூடு தாங்கும் என்பதால் பல காலம் பிரேக்கில் அதைச் சேர்த்தார்கள். பின்னால்தான் அதன் தீமை தெரிந்தது. கல்நார்த் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்தும் நோய் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, கல்நாரைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சொல்லியிருக்கிறது. 1995-இல் நம் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. உடல்நலம் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்று அதில் சொன்னது. தோட்டத் தொழிலாளர்களான நாமும் நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு அது.

ஆகவே பேட் வாங்கும்போது "கல்நார் இல்லாதது" என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பேட்டை, பழைய லைனரைக் கழற்றும்போது தூசியை வாயால் ஊத வேண்டாம். காற்றுக் குழாயாலும் அடிக்க வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் குழந்தைகளை நிறுத்தாதீர்கள்.

எப்போது மாற்ற வேண்டும்?

பேட் தானே சொல்லும். நாம் கேட்க வேண்டும். இதோ அது சொல்லும் ஐந்து சேதிகள்:

ஒன்று. பிரேக் பிடித்தால் "கீச்" என்று சத்தம். பல பேட்டுகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடும். அது எச்சரிக்கை மணி.

இரண்டு. "கரகர" என்று இரும்பு அரைக்கும் சத்தம். பேட் முழுக்கத் தேய்ந்து, அடியில் உள்ள இரும்பு டிஸ்க்கை அறுக்கிறது என்று அர்த்தம். இனி அந்த வண்டியை மலையில் இறக்கக் கூடாது.

மூன்று. பிரேக் பிடிக்கும்போது மிதியோ ஸ்டியரிங்கோ அதிர்வது. டிஸ்க் கோணலாகவோ, ஓரிடத்தில் தடிப்பாக, ஓரிடத்தில் மெலிவாகவோ இருக்கலாம்.

நான்கு. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுப்பது. ஒரு பக்கத்துப் பேட் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

ஐந்து. மிதி வழக்கத்தைவிடக் கீழே போவது. அல்லது பஞ்சை மிதிப்பதுபோல் மெத்தென்று இருப்பது. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். இது பேட் மாற்றினால் மட்டும் தீராது.

சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கார், ஜீப் பேட்டில் புதிதாக இருக்கும்போது பிடிக்கும் பொருள் பொதுவாக 10 மில்லிமீட்டர் தடிமன் அளவில் இருக்கும். 3 மில்லிமீட்டர் ஆகும்போது மாற்றிவிடுவது நல்லது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். பைக் பேட்டு இதைவிட மெல்லியது. அதில் தேய்மானத்துக்குக் கோடு வெட்டியிருப்பார்கள். கோடு மறைந்தால் மாற்ற வேண்டும்.

நமக்கு வருமானம் குறைவு. வண்டிச் செலவைத் தள்ளிப் போடத் தோன்றுவது இயல்பு. ஆனால் பேட் செலவைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும்? பேட்டின் இரும்பு டிஸ்க்கை அறுக்கும். அப்புறம் பேட்டோடு டிஸ்க்கும் வாங்க வேண்டும். ஒரு செலவு இரண்டு செலவாகும். காலத்தில் பேட்டை மாற்றுவதுதான் உண்மையான சிக்கனம்.

பேட் வாங்கும்போது என்ன பார்ப்பது?

முதலில் பொருத்தம். வண்டியின் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் வருடத்துக்கு வருடம் பிரேக் மாறும். ஆர்.சி. புத்தகத்தில் இருந்து மாடலையும் தயாரித்த மாதம், வருடத்தையும் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பழைய பேட்டையும் கையில் கொண்டு போங்கள். அட்டைப்பெட்டியில் வண்டிப் பெயரும் பார்ட் நம்பரும் இருக்கும். ஒத்துப் பாருங்கள்.

இரண்டாவது, பொருளின் வகை. மெதுவான வகை உண்டு. அது சத்தம் போடாது, டிஸ்க்கைத் தேய்க்காது. ஆனால் சீக்கிரம் தேயும், அதிகச் சூட்டில் பிடி தளரலாம். இரும்புத் தூள், செம்புத் தூள் கலந்த வகை உண்டு. அது சூட்டை நன்றாகத் தாங்கும். கொஞ்சம் சத்தம் வரும், டிஸ்க்கையும் சற்றுக் கூடுதலாகத் தேய்க்கும். பீங்கான் கலந்த வகையும் வருகிறது. தூசி குறைவு, விலை அதிகம். இவற்றில் எதை வாங்குவது? வண்டி செய்த கம்பெனி எந்த வகையைப் போட்டு அனுப்பியதோ அதே வகையை வாங்குங்கள். அதைவிடத் தாழ்ந்ததை மலை வண்டியில் போடாதீர்கள்.

மூன்றாவது, பிடியின் அளவு. சில பேட்டுகளின் முதுகிலோ விளிம்பிலோ ஒரு வரிசை எழுத்தும் எண்ணும் இருக்கும். அதன் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் வரலாம். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடி எவ்வளவு என்று சொல்லும். இரண்டாம் எழுத்து அதிகச் சூட்டில் பிடி எவ்வளவு என்று சொல்லும். 'இ' என்ற எழுத்தைவிட 'எஃப்' கூடுதல். 'எஃப்' என்பதைவிட 'ஜி' கூடுதல். 'எஃப் எஃப்' என்று இருந்தால் சூட்டிலும் பிடி அதே அளவில் நிற்கிறது. 'எஃப் இ' என்று இருந்தால் சூட்டில் பிடி குறைகிறது. நமக்கு முக்கியம் இரண்டாம் எழுத்து. ஆங்கிலம் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். படம் வரைவதுபோல் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். கூடத்தில் சேர்ந்து படிப்போம். இந்த எழுத்து பிடியை மட்டுமே சொல்லும். எவ்வளவு நாள் உழைக்கும் என்று சொல்லாது.

நான்காவது, அசலா போலியா? செய்தவரின் பெயர், முகவரி, செய்த மாதம், வருடம், அதிகபட்ச விலை எல்லாம் அட்டையில் அச்சாகியிருக்க வேண்டும். எழுத்து மங்கலாகவோ, பெயரில் ஒரு எழுத்து மாறியோ இருந்தால் வாங்காதீர்கள். பிரபலமான பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி ஏமாற்றுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. வேகமாகப் படிப்பவர் தவறவிடும் எழுத்தை நாம் தவறவிட மாட்டோம்.

ஐந்தாவது, பில். பில் இல்லாமல் வாங்கினால் பின்னால் கேட்க முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-இல் வந்தது. 2019-இல் புதிய சட்டம் வந்தது. போலிப் பொருள் விற்றால் நாம் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த எண்ணையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

ஒவ்வொரு முறை பேட் மாற்றும்போதும் டிஸ்க்கை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கை அளந்து பார்க்க வேண்டும்.

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுவிலோ 'மின்' என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்தும், பக்கத்தில் ஓர் எண்ணும் வெட்டியிருப்பார்கள். இது மிகக் குறைந்த தடிமன். உதாரணமாக 20 என்று இருந்தால், டிஸ்க் 20 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக் கூடாது. மெக்கானிக்கிடம் அளவுக் கருவி இருக்கும். "அளந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணையும் டிஸ்க்கில் உள்ள எண்ணையும் நீங்களே ஒத்துப் பாருங்கள். டிஸ்க்கின் விளிம்பு தேயாமல் மேடாக நிற்கும். அதை அளந்தால் தடிமன் கூடுதலாகக் காட்டும். பேட் உரசும் இடத்தில், நாலைந்து இடங்களில் அளக்க வேண்டும்.

அளவு குறைந்தால் டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். ஏன்? மெலிந்த டிஸ்க்கில் இரும்பு குறைவு. சின்னச் சட்டி சீக்கிரம் சூடாவதுபோல் அது சீக்கிரம் சூடாகும். விரிசல் விடலாம். விரிசல் கண்டாலும், அளவு சரியாக இருந்தாலும், உடனே மாற்ற வேண்டும்.

டிஸ்க்கில் கோடுகள் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவலாம் என்பார்கள். சீவலாம். ஆனால் சீவிய பிறகும் அந்த 'மின்' எண்ணைவிடக் கூடுதலாகத் தடிமன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சீவும் கூலியும் வீண்.

இன்னொரு விதி. பேட் மாற்றினால் வலது, இடது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு, ஆக நான்கு பேட். டிஸ்க்கும் அப்படியே, இரண்டும் ஜோடியாக. ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நம் ரோட்டில் அந்தப் பக்கம் பள்ளமாக இருந்தால் என்ன ஆகும்?

கடையில் ஒரு பேச்சு

இப்போது ஒரு சின்ன நாடகம். நம் லயத்து அக்கா ஒருவர் விதுராவில் பேட் வாங்கப் போகிறார் என்று கற்பனை செய்வோம். கடைக்காரர் மலையாளி. தமிழும் பேசுவார்.

அக்கா: சேட்டா, ஜீப்புக்கு முன் சக்கரத்துப் பேட் வேணும்.

கடைக்காரர்: இதா சேச்சி. எல்லா ஜீப்புக்கும் இது போகும். விலையும் குறைவு.

அக்கா: எங்க வண்டி மாடலும் வருஷமும் எழுதிக் கொண்டு வந்திருக்கேன். பார்ட் நம்பரும் இருக்கு. இந்தப் பெட்டியில அந்த நம்பர் இல்லையே?

கடைக்காரர்: நம்பர் எல்லாம் எதுக்கு சேச்சி? அளவு ஒண்ணுதான்.

அக்கா: அளவு ஒண்ணா இருக்கலாம். சூடு தாங்கணுமே சேட்டா. தினமும் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு மலை இறங்குற வண்டி. இதுல செஞ்சவங்க முகவரியும் இல்லை, மாசம் வருஷமும் இல்லை.

கடைக்காரர்: (சிரித்துக்கொண்டு) சேச்சி எப்போ படிச்சீங்க?

அக்கா: இப்போதான். நம்பர் ஒத்துப் போற பெட்டியை எடுங்க. பில்லும் போடுங்க.

கடைக்காரர்: சரி சரி. இதா, இது கம்பெனிச் சாமான். நம்பர் பாருங்க.

அக்கா சண்டை போடவில்லை. குரலை உயர்த்தவில்லை. எழுதிக் கொண்டு போனார், படித்துப் பார்த்தார், கேட்டார். அவ்வளவுதான்.

மாட்டிய பிறகு

நல்ல பேட்டும் டிஸ்க்கும் வாங்கியாயிற்று. வேலை முடிந்ததா? இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதை நன்றாகத் துடைத்துச் சுத்தம் செய்த பிறகே மாட்ட வேண்டும். பேட்டின் பிடிக்கும் பக்கத்தில் எண்ணெயோ கிரீசோ படக் கூடாது.

வண்டியை எடுக்குமுன் மிதியைப் பலமுறை அழுத்தி, அது கெட்டியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.

புதுப் பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவதுபோல. கீழே சமமான ரோட்டில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், மிதமான வேகத்தில் போய் மெல்லப் பிடித்து விடுங்கள். இடைவெளி விட்டு இப்படி 20, 30 தடவை செய்யுங்கள். முதல் 200, 300 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக் வேண்டாம். புதுப் பேட் போட்ட அன்றே ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு மலை இறங்க வேண்டாம்.

பிரேக் ஆயிலையும் மறக்கக் கூடாது. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 'டாட் 3' என்ற ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அது 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் வரும். மிதி அப்படியே கீழே போய்விடும். நம் ஊரோ மழையும் மூடுபனியும் உள்ள ஊர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்லது. மூடியின் மேல் எந்த எண் இருக்கிறதோ, அந்த எண் ஆயிலையே ஊற்ற வேண்டும்.

கடைசியாக ஓட்டும் முறை. எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். அப்போது எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவதும், எஞ்சினை அணைத்து இறக்குவதும் ஆபத்து. எஞ்சின் ஓடாவிட்டால் பல வண்டிகளில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் மிதி கல்லாகிவிடும்.

நீலகிரியில் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதை உண்டு. 36 கொண்டை ஊசி வளைவுகள், மிகச் செங்குத்து. 2018 அக்டோபரில் சுற்றுலா வந்த ஒரு கார் அங்கே பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்கக் கட்டுப்பாடு போட்டார்கள். மலை பழகாதவர் மலை இறங்குவது ஆபத்து என்பதால்தான் அது. நாம் மலையில் பிறந்தவர்கள். ஆனால் நம் வண்டியில் போடும் பேட்டும் மலைக்கு ஏற்றதாக இருந்தால்தான் அந்தப் பழக்கத்துக்குப் பலன்.

வண்டி இல்லாதவர்கள் என்ன செய்வது?

"எனக்கு வண்டியே இல்லையே!" என்று சிலர் நினைப்பீர்கள். வண்டி இல்லாவிட்டாலும் வண்டியில் ஏறுகிறோம். காது இருக்கிறது, மூக்கு இருக்கிறது, வாய் இருக்கிறது. "கரகர" என்று கேட்டால், கருகல் வாடை வந்தால், டிரைவரிடம் சொல்லுங்கள். "அண்ணே, கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. சூடு ஆறட்டும். அப்புறம் போகலாம்" என்று சொல்வதில் தப்பு இல்லை. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஊற்றினால் அது கோணிப் போகும், வெடித்தும் போகலாம். தானாக ஆற விட வேண்டும்.

"ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம்" என்று பழமொழி. நிறுத்தச் சொன்னால் டிரைவருக்கும் கொஞ்சம் கோபம் வரலாம். வரட்டும். அவரும் நம் ஊர்ப் பிள்ளைதான். அவரும் பத்திரமாக வீடு சேர வேண்டும்.

நினைவில் வைப்போம்

1. பேட் 3 மில்லிமீட்டர் ஆனால் மாற்றுவோம்.
2. மாடல், வருடம், பார்ட் நம்பர் எழுதிக் கொண்டு போவோம்.
3. சூட்டில் பிடி நிற்கும் பேட்டை, கல்நார் இல்லாத பேட்டை வாங்குவோம்.
4. டிஸ்க்கை அளப்போம். 'மின்' எண்ணுக்குக் கீழே போனால் மாற்றுவோம்.
5. இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுவோம்.
6. பில் வாங்குவோம்.
7. ஏறும் கியரிலேயே இறங்குவோம்.

அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியோ, பக்கத்து வீட்டு வண்டியோ, வழக்கமாக ஏறும் ஜீப்போ, ஏதாவது ஒன்று. வண்டி நின்று, சூடு ஆறிய பிறகு, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு பாருங்கள். பிரேக் ஆயில் மூடியில் என்ன எண்? டிஸ்க் கண்ணுக்குத் தெரிந்தால் அதில் என்ன எழுத்து, என்ன எண்? பேட் எவ்வளவு தடிமன்? பார்த்ததை எழுதிக் கொண்டு வாருங்கள். இங்கே எல்லோரும் சேர்ந்து படிப்போம். தேய்ந்த பேட் ஒன்றைக் கண்டுபிடித்தாலும் போதும். அந்த ஜீப்பில் இறங்கும் அத்தனை பேருக்கும் அது நன்மை.